அண்ணாச்சி, ஓப்பனர் எங்கே?

உங்கள் வீட்டில் ஓப்பனர் இருக்கிறதா? 'ஓ, இருக்கே!' என்று அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். எழுந்து போய்த் தேடிப் பாருங்கள். சமையலறை டிராயரில் துருப்பிடித்த கேரட் சீவி, கைப்பிடி இல்லாத கரண்டி, என்றைக்கோ செத்துப்போன டார்ச் லைட்டின் மூடி, பூட்டே இல்லாத ஏழு சாவி எல்லாம் கிடைக்கும். ஓப்பனர் மட்டும் கிடைக்காது. அதுவும் விருந்தாளி வந்து சோபாவில் உட்கார்ந்த பிறகு தேடினால் சத்தியமாகக் கிடைக்காது. அந்தக் கருவியின் ஜாதகம் அப்படி.

ஓப்பனர் இல்லையென்றால் நம் இளைஞர்கள் மனம் தளர்ந்துவிடுவார்களா என்ன? பேச்சலர் ரூம் கண்டுபிடிப்புகளை எல்லாம் பதிவு செய்ய ஆரம்பித்தால் பேடன்ட் ஆபீஸ் தாங்காது. கதவுக் கீல், இரும்புக் கட்டிலின் விளிம்பு, பைக் ஃபுட்ரெஸ்ட், சிகரெட் லைட்டரின் பின்பக்கம்... எது கைக்குக் கிடைத்தாலும் 'டப்'! ஒரு பாட்டிலை வைத்தே இன்னொரு பாட்டிலைத் திறக்கிற வித்தகர்களும் உண்டு. (கடைசி பாட்டிலை எதை வைத்துத் திறப்பது என்பது மட்டும் இன்னும் தீராத தத்துவச் சிக்கல்.)

இன்னொரு ரகம், பல்லால் கடித்துத் திறக்கும் மாவீரர்கள். மனித உடம்பிலேயே ரொம்பக் கெட்டியான பொருள் பல்லின் எனாமல்தான் என்று இவர்கள் எங்கோ படித்திருக்கிறார்கள். வாஸ்தவம். அடுத்த வரியையும் படித்திருக்கலாம். ஒரு தடவை பெயர்ந்த எனாமல் மறுபடி வளராது! சின்னதாக ஒரு ஓப்பனர் வாங்கும் காசை மிச்சம் பிடிக்கப் போய், பல் டாக்டருக்கு ஆயிரக்கணக்கில் மொய் எழுதுகிற கணக்கு, பி.காம் படித்த எனக்கு இன்றுவரை டேலி ஆகவில்லை.

இத்தனைக்கும் ஓப்பனர் செய்வது ஸ்கூல் புத்தகத்தில் வருகிற நெம்புகோல் வேலைதான். அதன் நுனி மூடியின் தலையில் உட்காருகிறது. உள்ளே இருக்கிற பல், மூடியின் விளிம்புக்கு அடியில் நுழைகிறது. கைப்பிடியைத் தூக்கினால் விளிம்பு நிமிர்ந்து கொடுக்கிறது. மூடியின் குறுக்களவு மூணு சென்டிமீட்டருக்குள். கைப்பிடி பத்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் ஒரு மடங்கு பலம் கொடுத்தால் மூடிக்கு மூணு நாலு மடங்காகப் போய்ச் சேருகிறது. உள்ளே அடைபட்டிருக்கிற வாயுவும் லேசுப்பட்ட ஆசாமி இல்லை. நெல்லையின் சித்திரை வெயிலில் கிடந்த கோலா பாட்டிலுக்குள் இருக்கும் அழுத்தம், கார் டயருக்குள் இருப்பதைவிட அதிகம். அதை அடக்கி வைக்கிற மூடியைத் தனியாளாக, ஒற்றைக் கையால் கழற்றுகிறோம் என்றால் சாதாரண விஷயமா?

மூடியைக் கொடுத்தவரும் ஓப்பனரைக் கொடுத்தவரும் ஒரே புண்ணியவான்தான். பெயர் வில்லியம் பெய்ன்ட்டர். அமெரிக்காவில் பால்டிமோர்க்காரர். ஓரமெல்லாம் மடிப்பு வைத்த தகர மூடிக்கு 1892-ல் பேடன்ட் வாங்கினார். கிரீடம் மாதிரி இருந்ததால் அதற்கு 'கிரவுன் கார்க்' என்று பெயர். கசியாமல் இருக்க உள்ளே ஒரு மெல்லிய தக்கை வில்லை. ஆரம்பத்தில் 24 மடிப்பு இருந்தது, இப்போது 21. (நம்பிக்கை இல்லாதவர்கள் எண்ணிப் பார்க்கலாம். ஆபீஸ் நேரத்தில் வேண்டாம்.) 1894-ல் அந்த மூடியைத் திறக்கும் கருவிக்கும் அவரே பேடன்ட் வாங்கிவிட்டார். பூட்டை விற்றுவிட்டு ரெண்டு வருஷம் கழித்து சாவியோடு வந்த சாமர்த்தியம்!

பெய்ன்ட்டரின் கம்பெனி மூடிகளை ஊர் ஊராக விற்றுக்கொண்டிருந்த ஒரு விற்பனைப் பிரதிநிதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு தடவை உபயோகித்ததும் தூக்கிப் போடுகிற மாதிரி எதையாவது கண்டுபிடித்தால் ஜனங்கள் திரும்பத் திரும்ப வந்து வாங்குவார்கள் என்று பெய்ன்ட்டர் அவருக்கு யோசனை சொன்னாராம். அந்தப் பிரதிநிதி அதைப் பிடித்துக்கொண்டார். பிற்பாடு உலகத்துக்கே பிளேடு விற்றார். அவர் பெயர் கிங் கேம்ப் ஜில்லெட். உபயோகி, தூக்கிப் போடு, மறுபடி வாங்கு! இந்த மந்திரத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணிக் கரையில் இதை மறுபடி சந்திக்கப் போகிறோம்.

* * *

தின்னவேலிப் பக்கம் கூல் டிரிங்க்ஸ் என்றால் 'கலர்'. வீட்டுக்கு யார் வந்தாலும் "இருங்க, ஒரு கலர் குடிச்சிட்டுப் போங்க" என்பதுதான் உபசாரத்தின் உச்சம். கல்யாண வீட்டில் கலர் கொடுக்கும் போது ஓப்பனர் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அன்றைக்கு சர்வாதிகாரி. மாப்பிள்ளையின் தாய்மாமன்கூட அவர் எதிரில் பவ்யமாக நிற்பார்.

கலருக்கு முன்னால் கோலி சோடா. லண்டன்காரர் ஹைரம் காட் என்பவரின் வேலை அது, 1872-ல் பேடன்ட். இதில் மூடியே கிடையாது. உள்ளே இருக்கிற கோலிக்குண்டை வாயுவே மேலே தள்ளிக் கழுத்தில் இருக்கிற ரப்பர் வளையத்தோடு இறுக்கிவிடும். கட்டையை வைத்தோ கட்டைவிரலாலோ ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினால், 'விஸ்ஸ்' என்ற சத்தத்தோடு கோலி உள்ளே இறங்கும். இதைத் தமிழன் 'திறப்பது' என்று சொன்னதே இல்லை. "ஏல, ஒரு சோடா ஒட!" என்பான். பேச்சில்தான் உடைசல், நிஜத்தில் உடைந்ததும் இல்லை, எறிந்ததும் இல்லை. குடித்து முடித்தால் தூக்கிப் போட ஒரு துண்டுகூட மிச்சமிருக்காது. பாட்டில், கோலி, வளையம் எல்லாம் அப்படியே கம்பெனிக்குத் திரும்பிப் போகும்.

பிறகு தகர மூடி வந்தது. 1916-ல் விருதுநகரில் ஆரம்பித்த காளிமார்க், தென்பாண்டிச் சீமை நாக்குகளுக்குப் பழக்கமான பெயர். பவண்டோ பாட்டிலைத் திறந்ததும் வருகிற அந்த வாசனைக்காகவே கடைப்பக்கம் சுற்றிய பையன்கள் உண்டு. கலர் வந்தால் ஓப்பனரும் வர வேண்டுமே... வந்தது. நெல்லைச் சந்திப்பிலும் வண்ணார்பேட்டையிலும் பாளை மார்க்கெட்டிலும் அண்ணாச்சி கடைகளின் முன்னால் ரெண்டு கயிறு தொங்கும். ஒன்று, நுனியில் கங்கு புகைகிற கயிறு. பீடிக்காரர்களுக்கானது. இன்னொன்றின் நுனியில் ஓப்பனர். கலர் குடிக்க வந்தவர்களுக்கானது.

"அண்ணாச்சி, ஒரு கலர் குடுங்க."

"அந்தா தொங்குது பாரு தம்பி, நீயே தொறந்துக்கோ. குடிச்சிட்டு பாட்டில கிரேட்ல வச்சிரணும், என்ன?"

எதற்கு அந்தக் கயிறு? யாராவது ஓப்பனரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம்தான். அண்ணாச்சியைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். ஆனால், அந்த ரெண்டு முழக் கயிறு இன்னொரு காரியத்தையும் சத்தம் போடாமல் செய்துகொண்டிருந்தது. ஓப்பனர் கடையை விட்டு நகராது. அதனால் பாட்டிலைக் கடையில்தான் திறக்க வேண்டும். திறந்தால் கேஸ் போவதற்குள் அங்கேயே நின்று குடிக்க வேண்டும். குடித்து முடித்தால் காலி பாட்டில் கிரேட்டுக்குத்தான் போகும். ஆக, கயிறு கட்டியிருந்தது ஓப்பனரை மட்டுமா? பாட்டிலையும் சேர்த்துத்தான்!

வீட்டுக்கு வாங்கிப் போகிற கேஸ் மட்டும் விதிவிலக்கு. பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கலர் வாங்கப் பையனை விரட்டுவார்கள். வீட்டில்தான் ஓப்பனர் கிடைக்காதே! கடையிலேயே திறந்து, வாயைக் கட்டைவிரலால் பொத்திக்கொண்டு ஓடி வருவான். தெருமுனையில் ஒரு மடக்கு, வேப்பமரத்தடியில் ஒரு மடக்கு. மாப்பிள்ளைக்கு முக்கால் பாட்டில்தான் யோகம். ஆனால் அந்தப் பையனும் சாயங்காலம் காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் அண்ணாச்சியிடம் ஒப்படைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தடவை மிட்டாய் வாங்கப் போகும்போது, "எல, பாட்டில் எங்க?" என்று கடை முன்னால் வைத்து மானம் போகும்.

* * *

இதைக் கொஞ்சம் காமர்ஸ் கண்ணோடு பார்ப்போம். ஒரு கிரேட்டில் 24 பாட்டில். உள்ளே இருக்கிற கலருக்கு விலை. பாட்டிலுக்கும் கிரேட்டுக்கும் அண்ணாச்சி கட்டியிருப்பது டெபாசிட். கணக்கு மொழியில் சொன்னால், பாட்டில் கம்பெனியின் சொத்து; டெபாசிட் கம்பெனியின் கடன். பாட்டில் திரும்பி வந்தால் கடன் தீரும். ஒன்று உடைந்தால் அண்ணாச்சிக்கு நஷ்டம். அதனால் அவர் கல்லாவில் ஒரு கண்ணும், குடிக்கிறவன் கையில் ஒரு கண்ணும் வைத்திருப்பார். குடித்தவனுக்குச் சொந்தம் உள்ளே இருந்த கலர் மட்டும். கண்ணாடிக்குப் பிறந்ததிலிருந்து சாகும்வரை ஒரு சொந்தக்காரர் இருந்தார்.

அநாதை, மூடி ஒன்றுதான். பெய்ன்ட்டரின் மந்திரப்படி அதைத் தூக்கிப் போட்டோம். அதையும் பையன்கள் சும்மா விடவில்லை. கல்லால் தட்டித் தட்டையாக்கி, நடுவில் ரெண்டு ஓட்டை போட்டு, நூலைக் கோத்து இழுத்தால் 'கொய்ங்' என்று சுற்றும். பையன்கள் கண்ணுக்குத் தப்பியவை கடை வாசல் தாரில் பதிந்து, வெயிலில் காசு மாதிரி மினுங்கிக்கொண்டு கிடந்தன.

அப்புறம் வந்தது பெட் பாட்டில். நாதானியேல் வைத் என்ற அமெரிக்க என்ஜினீயர் 1973-ல் பேடன்ட் வாங்கியது. கனமில்லை, கீழே விழுந்தால் உடையாது, மூடியைத் திருகினால் போதும். ஓப்பனர் சத்தமில்லாமல் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு போய்விட்டது. கண்ணாடி பாட்டிலும் ஓப்பனரும் அங்கங்கே இன்னும் இருக்கின்றன என்றாலும், பழைய ராஜ்யம் போய்விட்டது.

எல்லோருக்கும் சந்தோஷம். காலி பாட்டிலைத் திரும்ப வாங்கிக் கழுவுகிற செலவு கம்பெனிக்கு மிச்சம். கிரேட் அடுக்கும் இடமும் உடைசல் நஷ்டமும் அண்ணாச்சிக்கு மிச்சம். கடை வாசலில் நின்று குடிக்க வேண்டிய கட்டாயம் நமக்கு மிச்சம். பாட்டிலோடு பஸ் ஏறலாம், குற்றாலம் போகலாம், பாபநாசம் போகலாம். ஒரு வியாபாரத்தில் சம்பந்தப்பட்ட எல்லோருமே லாபம் காட்டினால், கணக்குப் படித்தவனுக்கு உடனே ஒரு சந்தேகம் வர வேண்டும். அப்படியானால் நஷ்டம் யார் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது?

எங்கள் ஊரில் அந்தப் பெயர், தாமிரபரணி.

பொதிகை மலையில் பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலில் சேருகிற ஆறு. தமிழ்நாட்டிலேயே பிறந்து, தமிழ்நாட்டிலேயே கடல் சேருகிற வற்றாத ஜீவநதி. பாபநாசத்தில் பரிகாரம் செய்கிறவர்கள் உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். தன்னார்வலர்கள் அதை மூட்டை மூட்டையாக வாரிக் கரையேற்றுகிறார்கள். துணிக்காவது பாவம், பரிகாரம் என்று ஒரு காரணம் இருக்கிறது. காலி பாட்டிலை ஆற்றில் போடுவதற்கு எந்த சாஸ்திரத்தில் இடம் இருக்கிறது? படித்துறையில் உட்கார்ந்து குடித்துவிட்டு, மூடியை ஒழுங்காகத் திருகி, ஏதோ கடமையை முடித்த மாதிரி ஆற்றில் விட்டெறிகிறோம். அது ஆகாயத்தாமரையோடு சேர்ந்து மிதந்து போகிறது. 1843-ல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தில் நின்று கீழே பார்க்கிறவர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு கரையோர மரங்களிலும் முள்வேலிகளிலும் துணியும் பிளாஸ்டிக்கும் தொங்கின. டெபாசிட் வாங்காத ஆறு, நாம் கொடுத்ததை நம்மிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நெல்லைக்குப் பக்கத்தில் கங்கைகொண்டான் சிப்காட்டில் இருக்கிற குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுப்பதை எதிர்த்துப் பொதுநல வழக்கு நடந்தது ஞாபகம் இருக்கும். 2016 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் தடை நீங்கியது. ஆயிரம் லிட்டருக்கு 37 ரூபாய் 50 காசு என்ற விலைதான் அப்போது ஊர் வாயில் விழுந்தது. வகுத்துப் பாருங்கள், லிட்டருக்கு நாலு காசுகூட இல்லை! ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்திருந்த சமயம் வேறு. அந்த மார்ச் 1 முதல் வெளிநாட்டு கோலாக்களை விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. பவண்டோவுக்கு மறுபடி மவுசு வந்தது.

டீக்கடைக்கு டீக்கடை தண்ணீர்க் கணக்கு பேசினார்கள். நியாயம்தான். காலி பாட்டில் கணக்கை யாரும் பெரிதாகப் பேசின மாதிரி தெரியவில்லை. பவண்டோவோ, கோலாவோ, வெறும் தண்ணீரோ... மிதந்து வருவது எந்தக் கம்பெனி பாட்டில் என்று ஆறு லேபிளைப் பார்ப்பதில்லை. ஒரு தடவை உபயோகித்ததும் தூக்கிப் போடு என்பது முதலில் மூடியின் குணமாகத்தான் இருந்தது. அது தொற்றுவியாதி மாதிரி பாட்டிலுக்கும் பரவிவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒரு தடவை உபயோகித்துத் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக் சாமான்களுக்குத் தடை வந்தது. கேரி பேக், ஸ்ட்ரா, தண்ணீர் பாக்கெட் எல்லாம் அந்த லிஸ்டில் உண்டு. தண்ணீர் பாட்டில் இல்லை. பாக்கெட் குற்றவாளி, பாட்டில் நிரபராதி!

* * *

வழி இல்லாமலா போய்விட்டது? வழி மலை மேலே இருக்கிறது. நீலகிரியில் குடிமகன்கள் காட்டில் வீசியெறிந்த பாட்டில்கள் உடைந்து, யானைகளின் காலைப் பதம் பார்த்தன. நீதிமன்றம் தலையிட்டது. 2022-ல் டாஸ்மாக் அங்கே பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்க ஆரம்பித்தது. காலி பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தால் பத்து ரூபாய் வாபஸ். என்ன ஆயிற்று? பாட்டில்களில் பெரும்பாலானவை சமர்த்தாகத் திரும்பி வந்தன. அப்புறம் திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் பரவ ஆரம்பித்தது. நடை தள்ளாடினாலும் பத்து ரூபாய் விஷயத்தில் நம் ஆட்கள் தெளிவு.

இது என்ன புதுக் கண்டுபிடிப்பா? அண்ணாச்சி கடைக் கயிறுதான் பத்து ரூபாய் நோட்டாக மறுபிறவி எடுத்திருக்கிறது. ஜெர்மனியில் 2003 முதல் இதே வித்தையைப் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் செய்கிறார்கள். டெபாசிட் பெரும்பாலும் 25 சென்ட். காலி பாட்டிலைக் கடையில் இருக்கிற மெஷினில் போட்டால் ரசீது வரும், ரசீதைக் காட்டினால் காசு வரும்.

எல்லோரும் பழையபடி கண்ணாடிக்கே திரும்புங்கள் என்று உபதேசம் செய்ய வரவில்லை. கண்ணாடி கனம், லாரிக்கு டீசல் அதிகம், கழுவத் தண்ணீர் வேண்டும், படித்துறையில் உடைந்தால் பிளாஸ்டிக்கைவிட மோசம், காலைக் கிழிக்கும். பாட்டில் எதில் செய்ததாகவும் இருக்கட்டும். அதற்கு ஒரு சொந்தக்காரர் வேண்டும். கலருக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் அஞ்சோ பத்தோ டெபாசிட் போட்டுப் பார்க்கட்டும். கரையோரம் கிடப்பதைப் பொறுக்கிக்கொண்டு கடையைத் தேடிப் போக நூறு பேர் கிளம்பிவிடுவார்கள். காசு என்று எழுதியிருந்தால் நம் ஊரில் எதுவும் ரொம்ப நேரம் தரையில் கிடக்காது.

சர்க்கார் ஃபைல் நகர்வதற்குள் நம்மால் ஆனது ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு அகஸ்தியர் அருவிக்கோ குறுக்குத்துறைக்கோ கிளம்பும்போது, புளியோதரைப் பொட்டலத்தோடு ஒரு காலிப் பையையும் எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டுபோன பாட்டில் எத்தனை, திரும்பி வருகிற பாட்டில் எத்தனை என்று பையைக் கட்டும்போது ஒரு தடவை எண்ணிவிடுங்கள். கிரேட்டில் 24 இருக்கிறதா என்று அண்ணாச்சி தினமும் எண்ணினாரே, அந்தக் கணக்குதான். இதற்கு பி.காம் தேவையில்லை.

கிளம்புகிற அவசரத்தில் ஓப்பனரை மறந்துவிட்டீர்களா? பாதகமில்லை. பைக் ஃபுட்ரெஸ்ட் இருக்கிறது, லைட்டர் இருக்கிறது, ஆபத்துக்கு இன்னொரு பாட்டில் இருக்கிறது. பல்லை மட்டும் விட்டுவிடுங்கள், அது ஒரு செட்தான். தாமிரபரணியும் அப்படித்தான்.